முதல் ஒப்பந்தம் டாலஸில் இருக்கட்டும்

கேள்வி: அக்கா, நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. ஊரில் நான்கு வருடம் ஐசியூவில் வேலை பார்த்துவிட்டு, கிரீன் கார்டில் குடும்பத்தோடு ஹூஸ்டன் வந்தேன். இங்கே ஒரு பெரிய மருத்துவமனையின் நியூரோ ஐசியூவில், அதாவது மூளை, நரம்பு நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், மூன்று வருடமாக நைட் ஷிப்ட். அழைத்து வந்த நிறுவனத்தோடு போட்டிருந்த மூன்று வருட ஒப்பந்தம் போன மாதம் முடிந்துவிட்டது. இப்போது ஓர் ஏஜென்சியின் ரெக்ரூட்டர், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 13 வார டிராவல் நர்ஸ் வேலை (வெளியூர் மருத்துவமனையில் தற்காலிகப் பணி) இருக்கிறது, வாரம் 2,700 டாலர் கிடைக்கும் என்கிறார். இங்கே எனக்கு மணிக்கு 44 டாலர். ஊரில் வீட்டுக் கடன் இருக்கிறது, பணம் தேவை. பையனுக்கு எட்டு வயது. கணவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஆனால் பழக்கமில்லாத மருத்துவமனையில், முகம் தெரியாத டாக்டர்களை நடு இரவில் போனில் அழைத்து என் உச்சரிப்போடு பேச வேண்டுமே என்று பயமாக இருக்கிறது. எனக்கு அந்தத் தகுதி வந்துவிட்டதா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.
- ஒரு சகோதரி, ஹூஸ்டன்

அன்புத் தங்கைக்கு,

தகுதி வந்துவிட்டது. தாராளமாகப் போகலாம். ஆனால் சான் டியேகோவுக்கு இப்போது வேண்டாம், உங்கள் டெக்சாஸிலேயே இருக்கும் டாலஸில் தொடங்குங்கள். அந்த ரெக்ரூட்டர் தந்த ஒப்பந்தத்தில் இப்படியே கையெழுத்துப் போடவும் வேண்டாம். பல மாநிலங்களில் டிராவல் நர்ஸாக இருந்து, இப்போது ஒரு நியூரோ ஐசியூவில் வருகிற டிராவல் நர்ஸ்களுக்கு யூனிட்டைப் பழக்கிவிடும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். பயப்படுவது நல்லதுதான். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, ஆபத்து இருக்கும் இடம் வேறு. உச்சரிப்பை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது உங்களுக்கு அங்கே 'நேற்று' இருக்காதே என்பதை நினைத்து.

இதய ஐசியூவில் மானிட்டர் பாதி வேலையைச் செய்துவிடும். நம்முடைய ஐசியூவில் மானிட்டர் கடைசியாகத்தான் பேசும். இரத்த அழுத்தம் ஏறி, நாடி குறைந்து, மூச்சு தாறுமாறாகும்போது மூளை ஏற்கெனவே நசுங்கிக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு முன் வரும் மாற்றம் மிகச் சிறியது. எட்டு மணிக்கு 'இரண்டு விரல் காட்டுங்கள்' என்றதும் காட்டியவர், பதினொரு மணிக்கு மூன்று முறை கேட்ட பிறகு காட்டுகிறார். மாதத்தைச் சரியாகச் சொல்கிறார், ஆனால் யோசித்துச் சொல்கிறார். உங்கள் யூனிட்டில் இது உடனே கண்ணில் படும். ஏனென்றால் நேற்று இரவும் அவர் உங்கள் நோயாளி. அல்லது நேற்று பார்த்த தோழி பக்கத்து அறையில்தான் இருப்பாள். போகிற இடத்தில் அப்படி யாரும் இல்லை. நோயாளியின் நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் பதினொன்று என்று எழுதியிருக்கும். ஆனால் எந்தப் பதினொன்று? கண் தானாகத் திறந்து, புரியாத முனகல் மட்டும் வந்து, கை வலித்த இடத்துக்குப் போகிற பதினொன்றா? வலி கொடுத்தால்தான் கண் திறந்து, ஏதோ சில சொற்கள் மட்டும் வந்து, சொன்னதைச் செய்கிற பதினொன்றா? கூட்டுத்தொகை ஒன்றுதான், நோயாளி வேறு.

ஆகவே ஷிப்ட் மாறும்போது ரிப்போர்ட் வாங்கும் முறையை இப்போதிருந்தே மாற்றிக்கொள்ளுங்கள். மேஜை அருகே நின்று காகிதத்தைப் பார்த்து ரிப்போர்ட் வாங்குவது டிராவல் நர்ஸுக்குப் போதாது. பகல் நர்ஸை அழைத்துக்கொண்டு படுக்கை அருகே போய், இருவரும் சேர்ந்து ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். 'இவர் உங்களிடம் கடைசியாக என்ன செய்தார், எனக்குச் செய்து காட்ட முடியுமா?' என்று கேளுங்கள். வலி கொடுத்துப் பார்ப்பதற்கு அவர் தோள் தசையைக் கிள்ளினாரா, நகக்கண்ணை அழுத்தினாரா, புருவ எலும்பை அழுத்தினாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இடம் மாறினால் பதில் மாறும், பதில் மாறினால் இல்லாத மாற்றத்தை நீங்கள் இருப்பதாக நினைப்பீர்கள். இருக்கிற மாற்றம் தெரியாமலும் போகலாம். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்த ஐந்து நிமிடம்தான் உங்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் அடித்தளம்.

அடுத்தது இவிடி. மூளை நீரை வடிக்கும் அந்தக் குழாயை நீங்கள் தூக்கத்திலும் கையாளுவீர்கள். ஆனால் உங்கள் யூனிட்டின் வழக்கப்படி கையாளுவீர்கள். சொட்டு விழும் அறையின் பக்கத்துத் தண்டில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன அல்லவா? ஒன்று பாதரச மில்லிமீட்டர், மற்றொன்று நீர் சென்டிமீட்டர். 'பத்தில் திறந்து வை' என்று ஆர்டர் இருந்தால், ஒரு மருத்துவமனையில் அது பாதரசப் பத்து, இன்னொன்றில் நீர்ப் பத்து. பாதரசப் பத்து என்பது நீர் அளவில் 13.6. கிட்டத்தட்ட மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். இரவு முழுவதும் தாழ்ந்து நின்றால் எவ்வளவு வடிந்துவிடும் என்று யோசியுங்கள். சில இடங்களில் எப்போதும் திறந்து வைத்து, மணிக்கு ஒருமுறை மூடி அழுத்தத்தைப் பார்ப்பார்கள். சில இடங்களில் மூடியே வைத்து, அழுத்தம் 20 அல்லது 22-ஐத் தாண்டினால் மட்டும் திறப்பார்கள். நோயாளியை எழுப்பி உட்கார வைக்கும் முன் குழாயை மூட வேண்டும் என்பது உங்கள் பிசியோதெரபிஸ்டுக்குத் தெரியும். அந்த ஊர் பிசியோதெரபிஸ்டுக்கும் தெரியும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது. தலை உயர்ந்து, வடிகுழாய் தாழ்ந்தே இருந்தால் நீர் கொட்டிவிடும். அப்படிக் கொட்டினால் மூளைக்கு வெளியே இரத்தம் கசியலாம்.

ஆகவே முதல் நாள் ஓரியண்டேஷனில், பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு ஷிப்ட்தான் தருவார்கள், கணினியில் பதிவு செய்வது எப்படி என்பதிலேயே நேரத்தைக் கழித்துவிடாதீர்கள். எபிக் என்ற பதிவு மென்பொருள் உங்களுக்குத் தெரியும். கேட்க வேண்டியவை வேறு. இவிடி ஆர்டர் எந்த அளவில்? மூளை அழுத்தத்தைக் குறைக்கும் 23.4 சதவீத உப்புக் கரைசலை இங்கே நர்ஸ் கொடுக்கலாமா, டாக்டர்தான் செலுத்த வேண்டுமா? அது எங்கே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது? மூளையைச் சுற்றி இரத்தம் கசியும் சப்அரக்னாய்டு இரத்தக்கசிவு நோயாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் வீதம் 21 நாள் தரும் நிமோடிபின் மருந்தை, மருந்தகம் வாய்வழிச் சிரிஞ்சிலேயே நிரப்பி அனுப்புமா, இல்லை காப்ஸ்யூலாக வருமா? காப்ஸ்யூல் என்றால் விழுங்க முடியாதவருக்கு அதிலுள்ள திரவத்தை யார் எடுத்துத் தருவது? அந்தத் திரவம் தவறி இரத்தக்குழாய் வழியாக ஏறி உயிரிழந்தவர்கள் உண்டு, அதனால்தான் அந்த மருந்தின் மேல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கிறது. பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தாக ஆல்டெப்ளேஸ் வைத்திருக்கிறார்களா, டெனெக்டெப்ளேஸுக்கு மாறிவிட்டார்களா? முதலாவது கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், ஒரு மணி நேரம் ஓடும். இரண்டாவது கிலோவுக்கு 0.25, ஒரே ஊசி. கை பழகிய கணக்கு அங்கே உதவாது. இந்த ஆறேழு கேள்விகளுக்கும் பதிலை ஒரு சிறு நோட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். உச்சரிப்பு தடையில்லை, சுற்றி வளைத்துப் பேசுவதுதான் தடை. நம்மில் பலருக்கு டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்கும் பழக்கம் ஊரிலிருந்தே வந்தது. 'தொந்தரவுக்கு மன்னிக்கவும், ஒருவேளை ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம், ஆனாலும்…' என்று ஆரம்பித்தால், தூக்கத்தில் இருக்கும் ரெசிடெண்ட் (பயிற்சி டாக்டர்) 'ஒன்றும் இல்லை' என்பதை மட்டும்தான் கேட்பார். இப்படிச் சொல்லுங்கள்: 'ஒன்பதாம் படுக்கை. சப்அரக்னாய்டு இரத்தக்கசிவு, இன்று ஏழாம் நாள். இரண்டு மணிக்கு வலது கையைத் தூக்கிப் பிடித்தார். மூன்று மணிக்கு அது தாழ்கிறது. சர்க்கரை சரியாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தம் 118. இரத்தக்குழாய் சுருக்கம் என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பாருங்கள்.' அவ்வளவுதான். ஏழாம் நாள் என்றதும் எந்த நரம்பியல் டாக்டரும் எழுந்து உட்காருவார், அது சுருக்கம் உச்சத்துக்குப் போகும் சமயம். அவர் வரவில்லை என்றால் அடுத்து யாரை அழைப்பது என்பதையும் ஷிப்ட் தொடங்கும்போதே, அந்த ஷிப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸிடம் கேட்டு வைத்திருங்கள். தெரியாத இடத்தில் மூன்று மணிக்கு அந்தப் பெயரைத் தேடக் கூடாது.

போனில் நடக்கும் நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதைவிட நீங்கள் அவர்களைக் கேட்பதுதான் முக்கியம். விளம்பரத்தில் 'நியூரோ ஐசியூ' என்று இருக்கும், போய்ப் பார்த்தால் பொது ஐசியூவில் நான்கு படுக்கைகள் மட்டும் நரம்பியலுக்கு இருக்கும். அது என்ன வகை ஸ்ட்ரோக் (பக்கவாத) மையம் என்று கேளுங்கள். 'காம்ப்ரிஹென்சிவ்' என்றால் சிக்கலான ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கான ஐசியூ படுக்கையும் நியூரோசர்ஜன் வசதியும் எப்போதும் இருக்கும். 'பிரைமரி' என்றால் பெரிய கேஸ்களை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இரவில் நியூரோசர்ஜன் மருத்துவமனையிலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றிய நோயாளியை வைத்திருக்கும் நர்ஸுக்கு இன்னொரு நோயாளி உண்டா? முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒன்று, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒன்று, பிறகு மணிக்கு ஒன்று என்று அந்த 24 மணி நேரத்தில் 36 பரிசோதனைகள். இன்னொரு கனமான நோயாளியைக் கையில் கொடுத்துவிட்டு இதைச் செய் என்கிற யூனிட்டுக்கு நான் போக மாட்டேன், நீங்களும் போகாதீர்கள்.

கடைசியாக, 'டிராவல் நர்ஸை எங்கெல்லாம் ஃபுளோட் செய்வீர்கள்?' ஆள் குறைந்த வார்டுக்கு முதலில் அனுப்பப்படுவது நாம்தான், அது எழுதாத விதி. ஐசியூவுக்கும் அதற்கு அடுத்த நிலை வார்டான ஸ்டெப்டவுனுக்கும் மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். டெக்சாஸில், பாதுகாப்பில்லாத பொறுப்பை உங்கள் தலையில் கட்டினால் 'சேஃப் ஹார்பர்' என்று எழுதிக் கொடுத்து லைசென்ஸைக் காத்துக்கொள்ளும் சட்ட வழி இருக்கிறது. மூன்று வருடம் அங்கே இருந்ததால் எல்லா ஊரிலும் அது உண்டு என்று நினைப்பீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது.

சட்டம் மாறுவது இதில் மட்டுமல்ல. மூளைச்சாவு பரிசோதனையில் உதவியிருப்பீர்கள். வென்டிலேட்டரைக் கழற்றி, மார்பு அசைகிறதா என்று எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த நிமிடங்கள் உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதற்குப் பிறகு நடப்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியில் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அது நோயாளியின் மத நம்பிக்கைக்கு எதிரானது என்றால் மூளைச்சாவை வைத்து மரணம் என்று அறிவிக்க முடியாது. கலிஃபோர்னியாவில் குடும்பத்தார் கூடுவதற்குக் கொஞ்ச அவகாசம் கொடுத்தே ஆக வேண்டும். குடும்பத்தினர் உங்களைத்தான் முதலில் கேட்பார்கள், 'இனி என்ன நடக்கும், சிஸ்டர்?' என்று. ஹூஸ்டனில் சொன்ன பதிலையே அங்கேயும் சொல்லிவிடாதீர்கள். புது மாநிலத்தில் முதல் வாரமே அந்த மருத்துவமனையின் விதியைப் படித்துவிடுங்கள். தன் மகனைப் பறிகொடுக்கும் ஒரு தாய்க்குத் தவறான வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, பதின்மூன்றாம் வாரம் ஊரைவிட்டுப் போய்விடும் ஆளாக நாம் இருக்கக் கூடாது.

இனி சான் டியேகோ ஏன் வேண்டாம் என்பது. கலிஃபோர்னியா மோசமான இடமில்லை. ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிக்கு மேல் எந்த நேரத்திலும் கூடாது என்று சட்டமாகவே அமலில் இருக்கும் மாநிலம் அது. நீங்கள் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்துக்கும் அது பொருந்தும். டெக்சாஸில் அப்படி எண்ணிக்கை வைத்த சட்டம் இல்லை. என்றாவது ஒருநாள் அங்கே வேலை பார்த்துவிட்டு வாருங்கள், உடம்புக்கே வித்தியாசம் தெரியும். பிரச்சினை லைசென்ஸ். ஒரே லைசென்ஸில் பல மாநிலங்களில் வேலை பார்க்க வழி செய்யும், 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கும் நர்ஸ் லைசென்ஸ் கூட்டமைப்பில் டெக்சாஸ் இருக்கிறது, கலிஃபோர்னியா இல்லை. தனி விண்ணப்பம், கைரேகை எல்லாம் வேண்டும். அதைவிட, நம்மைப் போல வெளிநாட்டில் படித்தவர்களின் படிப்பு விவரத்தைக் கல்லூரியிடமிருந்தே நேரடியாகக் கேட்பார்கள். ஒவ்வொரு பாடத்தின் வகுப்பும் அதற்கான மருத்துவமனைப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்ததா என்றுகூடப் பார்ப்பார்கள். உங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மாதங்கள் ஆகலாம். 'எல்லாம் சீக்கிரம் வந்துவிடும்' என்று ரெக்ரூட்டர் சொல்வதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தை மட்டும் இப்போதே போட்டு வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் டெக்சாஸ் லைசென்ஸ் உண்மையிலேயே பல மாநிலங்களில் செல்லுகிற லைசென்ஸ்தானா என்று, நர்ஸ் லைசென்ஸ் விவரம் காட்டும் நர்சிஸ் (Nursys) இணையதளத்தில் இன்றே பாருங்கள். டெக்சாஸில் வாழ்வதால் மட்டும் அது தானாக அப்படி ஆகிவிடாது. முதலில் வேறு மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டுப் பிறகு இங்கே வந்த நம் பெண்கள் பலர், வேலை கிடைத்த பிறகுதான் அதில் 'ஒற்றை மாநிலம்' என்று இருப்பதைப் பார்க்கிறார்கள்.

பணக் கணக்கு. 2020, 2021-இல் கொரோனா சமயத்தில் வாரம் ஐயாயிரம் டாலருக்கு மேல் வாங்கியவர்களின் கதை இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அந்தச் சந்தை 2022-க்குப் பிறகு இறங்கிவிட்டது, அதை நம்பிக் கடன் கணக்குப் போடாதீர்கள். உங்கள் 2,700 டாலரை ரெக்ரூட்டரிடம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: மணிக்கு 30 டாலர் வீதம் 36 மணி நேரத்துக்கு 1,080 டாலர் வரிக்கு உட்பட்ட சம்பளம், மீதி 1,620 டாலர் வீட்டு வாடகைப்படி, சாப்பாட்டுப்படி. இப்போது உங்களுக்கு வாரம் 1,584 டாலர். வித்தியாசம் 1,116. பதின்மூன்று வாரத்துக்குப் பதினான்காயிரத்து ஐந்நூறு. படிக்கு வரி இல்லாததால் கையில் இன்னும் கொஞ்சம் நிற்கும். பெரிய தொகைதான். இதில் சான் டியேகோவில் சாமான்களோடு கூடிய ஓர் அறைக்கு மாதம் 2,400 என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 7,200 போய்விடும். விமான டிக்கெட், வாடகைக் கார் அதற்கு மேல். டெக்சாஸில் இல்லாத மாநில வருமான வரி கலிஃபோர்னியாவில் உண்டு. கடைசியில் வீட்டுக் கடனுக்குப் போவது நீங்கள் நினைத்ததில் மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம். இங்கே வீடு வாங்கக் கடன் கேட்கப் போனாலும் சில வங்கிகள் அந்த மணிக்கு 30 டாலரைத்தான் வருமானமாகப் பார்க்கும்.

படிக்கு வரி இல்லை என்பதற்கும் நிபந்தனை இருக்கிறது. உங்களுக்கு நிலையான ஒரு 'டாக்ஸ் ஹோம்', அதாவது வரிக் கணக்கில் உங்கள் சொந்த இருப்பிடம், வேண்டும், அதற்கான செலவையும் செய்துகொண்டு வேலை ஊரில் இன்னொரு செலவும் செய்ய வேண்டும். ஹூஸ்டனில் கணவரும் பையனும் இருக்கும் வீட்டுக்கு வாடகை கட்டுகிறீர்கள் என்பதால் உங்கள் நிலை வலுவானது. இப்போதைய மருத்துவமனையை அடியோடு விடாமல், மாதத்துக்கு ஓரிரு ஷிப்ட் வரும் பிஆர்என் பணியாளராக மாறிக்கொண்டால் இன்னும் வலு. திரும்பி வருவதற்கு ஒரு கதவும் திறந்திருக்கும். ஒரே ஊரில் ஒரு வருடத்தைத் தாண்டித் தங்குவதாக ஆகிவிட்டால் சலுகை போய்விடும். 'ஐம்பது மைல் தாண்டினால் போதும், படிக்கு வரி இல்லை' என்று தோழிகள் சொல்வது வருமான வரித்துறை விதி அல்ல. அது மருத்துவமனைகளும் ஏஜென்சிகளும் வைத்துக்கொண்ட வழக்கம். சட்டம் கேட்பது, வேலைக்காக வீட்டை விட்டு வெளியே தூங்கி ஓய்வெடுக்க வேண்டியிருந்ததா என்பதைத்தான். டிராவல் நர்ஸ்களின் கணக்கைப் பார்த்துப் பழகிய ஒரு வரி ஆலோசகரிடம் முதல் வருடம் கட்டாயம் போங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

இதனால்தான் டாலஸ் என்கிறேன். பெரிய நரம்பியல் மையங்கள் அங்கே இருக்கின்றன. லைசென்ஸ் கைவசம் இருக்கிறது. சேஃப் ஹார்பரும் இருக்கிறது. ஹூஸ்டனிலிருந்து காரில் நான்கு மணி நேரம். வாரச் சம்பளம் சான் டியேகோவைவிடக் குறையும், வாடகையும் பயணச் செலவும் அதைவிட அதிகமாகக் குறையும். மூன்று இரவும் அடுத்தடுத்து வரும்படி, அதாவது பிளாக் ஷெட்யூலாக, ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை ஷெட்யூல் போடுபவர் மதிக்க மாட்டார். திங்கள் மதியம் கிளம்பினால் வியாழன் மாலை பையனோடு இருக்கலாம். ஆனால் மூன்றாவது இரவு முடிந்ததும் நேராகக் காரில் ஏறாதீர்கள். அறைக்குப் போய்த் தூங்கி எழுந்து, மதியத்துக்கு மேல் ஓட்டுங்கள். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவர்கள் எந்த நிலையில் நம் ஐசியூவுக்கு வருகிறார்கள் என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

பையனைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். எட்டு வயதுப் பிள்ளை வாரத்தில் மூன்று நாள் அம்மா இல்லாமல் இருப்பான், அப்பா இருந்தால். பதின்மூன்று வாரம் திரையில் மட்டும் பார்க்கும் அம்மா என்பது வேறு. இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: பிள்ளை நடுநிலைப்பள்ளி தாண்டும் வரை விமானம் ஏறிப் போக வேண்டிய ஒப்பந்தம் வேண்டாம். கணவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்வது நல்ல மனசு. ஆனால் அவருடைய வேலை நேரம் என்ன, பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்று வாரத்தின் ஏழு நாளையும் ஒரு தாளில் எழுதி இருவரும் உட்கார்ந்து பாருங்கள். காலியாக இருக்கும் கட்டத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் ஆறு மாதம் தள்ளிப் போடுவதில் தப்பில்லை.

தள்ளிப் போட்டால் அந்த மாதங்களில், ஐசியூ நர்ஸ்களுக்கான சிசிஆர்என் (CCRN) சான்றிதழ்த் தேர்வை எழுதிவிடுங்கள். இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் ஐசியூவில் நேரடி நோயாளிப் பணி என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று, நீங்கள் எப்போதோ அதைத் தாண்டிவிட்டீர்கள். நரம்பியலுக்கென்றே இருக்கும் சிஎன்ஆர்என் பிறகு வரட்டும். சான்றிதழ் இருந்தால் நேர்காணலில் உங்கள் விண்ணப்பம் மேலே வரும். முகம் தெரியாத யூனிட்டில் உங்களைப் பற்றி உங்களுக்கு முன்னால் போய்ப் பேசுவது அதுதான்.

வெள்ளிக்கிழமை அந்த ரெக்ரூட்டரிடம் இதைச் சொல்லுங்கள்: 'சான் டியேகோ வேண்டாம், கலிஃபோர்னியா லைசென்ஸ் என்னிடம் இல்லை. டாலஸ், இல்லையென்றால் சான் அன்டோனியோ, காம்ப்ரிஹென்சிவ் ஸ்ட்ரோக் மையம், நைட், மூன்று இரவும் தொடர்ச்சியாக. வாரத்துக்கு 36 மணி நேரம் உத்தரவாதம் எழுத்தில் வேண்டும். நோயாளி குறைந்துவிட்டது என்று ஷிப்டை ரத்து செய்தால் 13 வாரத்தில் எத்தனை முறை வரை என்பதும் எழுத்தில் வேண்டும். உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் விட்டால் என் படியிலிருந்து எவ்வளவு பிடிப்பீர்கள்? மருத்துவமனை ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் எனக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு? ஃபுளோட் எங்கெங்கே? கிறிஸ்துமஸ் வாரம் விடுமுறை வேண்டும், அதையும் எழுதுங்கள்.' முகம் சுருங்கினால் வேறு ஏஜென்சியைப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஏஜென்சிகளோடு பேசுவது இந்தத் தொழிலில் சாதாரணம், அதில் துரோகம் எதுவும் இல்லை. ஆனால் ஒரே மருத்துவமனையின் ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்சி உங்கள் பெயரை அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறையை மாத வாடகையில் எடுங்கள், பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகித் தேதி உறுதியாகும் வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம்.

ஒப்பந்தத் தாள் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா